நண்டின் முதுகில் ஒரு முகம்

சில ஆண்டுகளுக்கு முன்னர் நம் சங்கத்தின் திங்கட் கூட்டமொன்றில் அறிவியலும் கதையும் என்னும் பொருள் பற்றி நாம் பேசினோம். அன்று அவையோரைப் பெரிதும் கவர்ந்தது நாம் சொன்ன நண்டுக் கதை ஒன்று. கைதட்டல் அடங்கச் சற்று நேரமாயிற்று. தேநீர் வேளையில் முதியவர் ஒருவர் நம் கையைப் பற்றிக்கொண்டு, ‘பரிணாமம் என்றால் என்னவென்று இன்றுதான் விளங்கிற்று, தம்பி’ என்றார். அந்தப் பாராட்டைப் பல நாள் நெஞ்சில் சுமந்து திரிந்தோம். அக்கதை பெரும்பாலும் உண்மையன்று என்பதைப் பின்னரே அறிந்தோம். சொன்ன இடத்திலேயே திருத்திக்கொள்வதுதான் முறை. ஆதலின் சங்கத்தின் மலரில் இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

இலக்கிய மலரில் தொலைக்காட்சிப் படத்துக்கு இடம் ஏது என்று சிலர் வினவலாம். பரிணாமமும் மரபியலும் நேரே கண்ணுக்குப் புலப்படாத பொருள்கள். ஒன்று கோடிக்கணக்கான ஆண்டுகளில் நிகழ்வது; மற்றொன்று உயிரணுவின் உள்ளே நிகழ்வது. காணாப் பொருளைக் காட்ட வேண்டுமாயின் உவமையும் கதையும் கொண்டே காட்டல் வேண்டும். உவமை எங்கு உண்டோ, அங்குத் திறனாய்வுக்கும் வேலை உண்டு. உவமைக்கென ஓர் இயலையே வகுத்த தொல்காப்பியரின் வழிவந்த நாம் இதற்குத் தயங்க வேண்டுவதில்லை.

காஸ்மாஸ் காட்டிய கதை

கார்ல் சாகன் என்னும் அமெரிக்க வானியலார் வழங்கிய ‘காஸ்மாஸ்’ தொடர் 1980ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. 13 பகுதிகள் கொண்ட அத்தொடரை ஆன் ட்ரூயன், ஸ்டீவன் சோட்டர் ஆகிய இருவரும் சாகனுடன் இணைந்து எழுதினர். விண்மீன்களைப் பற்றிய தொடரேயாயினும் அதன் இரண்டாம் பகுதி முழுவதும் உயிர்களைப் பற்றியது. நாம் அவையில் சொன்ன நண்டுக் கதை அப்பகுதியிலிருந்து எடுத்ததே.

1185ஆம் ஆண்டு. ஜப்பானின் டான்-நோ-உரா என்னுமிடத்தில் இரு பெருங்குலத்தார்க்கிடையே கடற்போர். ஹெய்கே குலத்தார் தோற்றனர். அக்குலத்துச் சிறுவனான பேரரசன் அன்டோகுவை அவன் பாட்டி அணைத்தவாறே கடலில் பாய்ந்து மாய்ந்தாள். மாண்ட வீரர்கள் நண்டுருக்கொண்டு இன்றும் கடலடியில் உலவுகின்றனர் என்பது அப்பகுதி மக்களின் நம்பிக்கை. அதற்கேற்ப, அக்கடலில் கிடைக்கும் ஒருவகை நண்டின் முதுகோட்டில் சினங்கொண்ட சாமுராய் வீரனின் முகம் போன்றதொரு வடிவம் காணப்படுகிறது.

இம்முகம் எவ்வாறு வந்தது? சாகன் தரும் விடை இது: வலையில் அகப்பட்ட நண்டுகளுள் சிறிதேனும் மனித முகச் சாயல் உடையவற்றை மீனவர்கள் மாண்டார்க்கு மதிப்பளித்துக் கடலிலேயே விட்டனர், சாயல் இல்லாதவை உணவாயின. விடப்பட்டவை இனம் பெருக்கின. அவற்றின் சாயல் குட்டிகளுக்கு இறங்கிற்று. தலைமுறை பல செல்லச் செல்ல முகம் தெளிந்தது. முகத்தைச் செதுக்க வேண்டுமென்று மீனவரும் எண்ணவில்லை, நண்டும் எண்ணவில்லை. தேர்வு மட்டுமே நிகழ்ந்தது. சில நூற்றாண்டுகளில் மனிதர் அறியாமற் செய்த தேர்வு இவ்வளவு செய்யுமாயின், கோடிக்கணக்கான ஆண்டுகளில் இயற்கை செய்யும் தேர்வு என்னதான் செய்யாது என்னும் வினாவோடு சாகன் டார்வினின் கொள்கைக்குள் நம்மை அழைத்துச் செல்கிறார்.

இவ்வமைப்பின் திறத்தை மறுத்தல் இயலாது. முதலில் சோகம்; அடுத்து மக்கள் நம்பிக்கை; பின்னர் அந்நம்பிக்கையை இகழாமலே அதனுள்ளிருந்து எழும் விளக்கம். போரில் பட்டாரை நடுகல்லில் கண்ட மரபினர் நாம். அவரை நண்டின் ஓட்டில் கண்ட ஜப்பானியர் நமக்கு அயலார் அல்லர். மேலும், இம்முறை டார்வின் கையாண்ட முறையே. 1859இல் வெளியான தம் நூலை அவர் இயற்கைத் தேர்விலிருந்து தொடங்கவில்லை. மனிதர் வளர்க்கும் புறா முதலியவற்றிலிருந்து தொடங்கினார். தெரிந்ததைக் காட்டித் தெரியாததற்கு இட்டுச் செல்வது நல்லாசிரியர் வழக்கம்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. டார்வின் புறாக்களைத் தாமே வளர்த்தார், வளர்ப்போர் கழகங்களில் சேர்ந்து பழகினார், எலும்புகளை அளந்தார். சாகனின் நண்டை அவ்வாறு அளந்தவர் யார்? இவ்வினாவை நாம் எழுப்பவில்லை. நம் மகள் எழுப்பினாள்.

கதையின் குறை

அப்போது பத்தாம் வகுப்பில் பயின்ற அவளுக்கு அப்பகுதியைப் போட்டுக் காட்டினோம். இரண்டு நாள் கழித்து வந்து, ‘அப்பா, அந்த நண்டு எவ்வளவு பெரிது தெரியுமா? இத்தனை சின்ன நண்டை யார் சமைத்துச் சாப்பிடுவார்கள்?’ என்று கேட்டாள். அலுவலகத்தில் அரைப்புள்ளி தவறினும் கோப்பைத் திருப்பியனுப்பும் நாம், அவையில் சொன்ன கதையின் அடிப்படையை ஒருமுறையும் சரிபார்த்ததில்லை. நாணத்தோடு தேடத் தொடங்கினோம்.

மீனவர் தேர்வே முகத்தை உண்டாக்கிற்று என்னும் கருத்தை 1952இல் ஜூலியன் ஹக்ஸ்லி என்னும் ஆங்கில உயிரியலார் ‘லைஃப்’ இதழில் எழுதியிருந்தார். சாகனின் படம் அதனை உலகெங்கும் பரப்பிற்று. 1993இல் லாஸ் ஏஞ்சலிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சார்ந்த ஜோயல் மார்ட்டின் என்னும் நண்டின ஆய்வாளர் இதனை மறுத்து எழுதினார். அவர் மறுப்பின் சாரம் மூன்று கூறாகும்.

முதலாவது, இந்நண்டின் ஓடு ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் அகலத்துக்கு மேல் வளர்வதில்லை. இதனை உணவுக்காக எவரும் பிடிப்பதில்லை. முகம் உள்ளதும் இல்லாததும் ஒருங்கே கடலுக்குத் திரும்புமாயின் அங்கே தேர்வு ஏது? இரண்டாவது, ஓட்டிலுள்ள மேடும் பள்ளமும் ஓவியம் அல்ல. உள்ளே தசைகள் பற்றி நிற்கும் இடங்களே புறத்தே அவ்வாறு தோன்றுகின்றன. மூன்றாவது, ஹெய்கே கதை வழங்காத கடல்களில் வாழும் உறவின நண்டுகளிலும், மனிதர் தோன்றுமுன்னரே கல்லாய்ப்போன தொல்லுயிர் எச்சங்களிலும் இத்தகைய வடிவம் காணப்படுகிறது. மீனவர் பிறக்குமுன்னரே முகம் பிறந்துவிட்டது.

அவ்வாறாயின் முகம் எங்கே இருக்கிறது? காண்பவர் கண்ணில் இருக்கிறது. முகிலிலும் சுவர்க்கறையிலும் முகம் காண்பது மனித இயல்பு. இதில் ஒரு நயமான முரண் உண்டு. செவ்வாய்க் கோளின் படமொன்றில் மனித முகம் தெரிகிறது என்று பலர் ஆர்ப்பரித்த காலத்தில், இல்லாத இடத்தில் முகம் காணும் இவ்வியல்பைப் பற்றி 1995இல் வெளியான தம் நூலொன்றில் தெளிவாக எழுதி எச்சரித்தவர் இதே சாகன்தான். செவ்வாயின் முகத்துக்கு ஏமாறாத கண் நண்டின் முகத்தில் மயங்கிற்று. கதையின் அழகு அத்தகையது.

சாகனுக்கு நீதி செய்தல் வேண்டும். ‘விடை இதுவெனத் தோன்றுகிறது’ என்னும் அளவில் ஐயம் காட்டும் ஒரு சொல்லை அவர் இட்டே பேசுகிறார். ஆனால் தொலைக்காட்சியில் சொல் தனித்து வருவதில்லை. அலைகளும் இசையும் வீரர்களின் கோலமும் சேர்ந்து வரும்போது அந்தச் சிறு சொல் மூழ்கிவிடுகிறது. ஏட்டில் எழுதினால் வாசகன் அச்சொல்லில் நின்று மீளலாம். திரையில் நிற்க வழியில்லை. ‘இருக்கலாம்’ என்று சொல்லப்பட்டது ‘இருந்தது’ என்று கேட்கப்படுகிறது. கேட்டவன் மேடையேறும்போது ‘இருக்கலாம்’ என்பது முற்றிலும் உதிர்ந்துவிடுகிறது. நம் கதையே இதற்குச் சான்று.

நண்டு வீழ்ந்தமையால் பரிணாமக் கொள்கை வீழ்ந்துவிடவில்லை என்பதையும் ஈண்டுக் கூறல் வேண்டும். ஓர் உவமை பொருந்தாமற் போனால் உவமிக்கப்பட்ட பொருள் இல்லையென்றாகாது. ஐயத்தைத் தாங்கி நின்ற சான்றுகளும் உண்டு. இங்கிலாந்தின் புள்ளி அந்துப்பூச்சியைக் காண்க. ஆலைப்புகை மரங்களைக் கருக்கிய காலத்தில் கரிய பூச்சிகள் பெருகின. புகை குறைந்தபின் வெளிரிய பூச்சிகள் மீண்டன. பறவைகளின் கண்ணில் படுவதும் படாததுமே காரணம் என்று 1950களில் கெட்டில்வெல் என்பவர் சோதித்துக் கூறினார். அவர் முறைகளில் குறை உண்டெனப் பிற்காலத்தார் ஐயுற்றனர். மைக்கேல் மஜெரஸ் என்னும் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் 2001 முதல் 2007 வரை 4,864 பூச்சிகளைக் கொண்டு மீண்டும் சோதித்தார். அவர் மறைந்தபின் 2012இல் வெளியான முடிவுகள் பழைய விளக்கத்தை உறுதி செய்தன. அக்கருமைக்குக் காரணமான மரபணு மாற்றம் 2016இல் கண்டறியப்பட்டது. நண்டுக் கதை ஐயுறப்பட்டு வீழ்ந்தது. பூச்சிக் கதை ஐயுறப்பட்டு நின்றது. கதைக்கும் சான்றுக்கும் உள்ள வேறுபாட்டைக் கற்பிக்க இவ்விரண்டையும் அருகருகே வைப்பதினும் சிறந்த பாடம் இல்லை.

ஏணியும் மரமும்

கதையை அடுத்து உவமைக்கு வருவோம். உயிர்களின் வரலாற்றைக் காட்டப் படங்கள் கையாளும் உவமைகள் இரண்டு: ஒன்று ஏணி, மற்றொன்று மரம்.

காஸ்மாசுக்கு முன்னோடியாகக் கருதத்தக்கது 1973இல் பி.பி.சி. வழங்கிய ‘தி அசென்ட் ஆஃப் மேன்’ என்னும் தொடர். வழங்கியவர் ஜேக்கப் பிரானவுஸ்கி. கணிதமும் கவிதைத் திறனாய்வும் ஒருங்கே அறிந்தவர். டார்வின் 1871இல் எழுதிய நூலின் பெயரில் உள்ள ஆங்கிலச் சொல்லுக்கு வழிவழியாக வருதல் என்றும் இறங்குதல் என்றும் இரு பொருள். அதனைத் திருப்பி, ‘மனிதனின் ஏற்றம்’ என்று பெயரிட்டார் பிரானவுஸ்கி. டார்வினையும் வாலசையும் பற்றிய ஒன்பதாம் பகுதிக்கு அவர் இட்ட தலைப்பிலும் ஏணி உண்டு. பண்பாட்டைப் பற்றிப் பேசும்போது ஏற்றம் என்னும் உவமை பொருந்தும். உயிர்களுக்கு அது பொருந்தாது. ஏணியில் கீழ்ப்படி, மேற்படி உண்டு. உச்சியில் ஒருவர் நிற்பார். அந்த உச்சியில் தம்மையே வைத்துக்கொள்வது மனிதர் வழக்கம். குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் இன்றும் குரங்கு ஏன் இருக்கிறது என்னும் வினா இந்த ஏணியில் பிறந்ததே. மரத்தைக் கண்டவன் அவ்வாறு வினவான். ஒரு கிளை தழைத்தமையால் மறு கிளை உதிர வேண்டுவதில்லை.

சாகன் இரண்டு உவமைகளையும் கையாளுகிறார். அவ்விரண்டும் ஒன்றோடொன்று மோதுவதைக் காண்கிறோம். முதல் உயிரணு தொடங்கி மனிதர் வரை நிகழ்ந்த மாற்றங்களை 40 நொடிகளில் கோட்டோவியமாக உருமாற்றிக் காட்டும் காட்சி உலகப் புகழ் பெற்றது. ஒன்று மற்றொன்றாகக் குழைந்து மாறும் அந்த ஓவியம் மறக்க முடியாதது. ஆயினும் அது ஒற்றைக் கோடு. நம் முன்னோர் வழியை மட்டும் காட்டி மனிதரில் முடிவது. இடையே பிரிந்துபோன எண்ணற்ற கிளைகள் அதில் இல்லை. முடிவு முன்னரே தெரிந்த பயணம் போல அது தோன்றிவிடுகிறது.

இக்குறையை அதே பகுதியில் வரும் மற்றொரு காட்சி நிறைவு செய்கிறது. இலண்டனுக்கு அருகிலுள்ள கியூ தோட்டத்தில் ஓக் மரமொன்றின் அருகில் நின்று, தாமும் அம்மரமும் உறவினர் என்கிறார் சாகன். இரண்டின் உயிரணுவிலும் மரபுச் செய்தி எழுதப்பட்டிருப்பது ஒரே எழுத்துகளால். படிக்கப்படுவது ஏறத்தாழ ஒரே அகராதியால். அந்த அகராதியைக் கண்டறிந்தமைக்காக 1968இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் ஒருவர், பிரிவினைக்கு முந்திய பஞ்சாபில் பிறந்த ஹர் கோவிந்த் கொரானா. கணியன் பூங்குன்றனார் மக்கள் அனைவரையும் உறவாகக் கண்டார். இங்கே மரமும் உறவாகிறது. நண்டுக் காட்சிக்கும் இக்காட்சிக்கும் உள்ள வேற்றுமை நோக்கத்தக்கது. இங்கும் வியப்பு உண்டு; ஆனால் வியப்பைத் தாங்க அடியில் சான்று உண்டு. அப்பகுதியின் உண்மையான கவிதை இதுவே என்பது நம் கருத்து.

2014இல் நீல் டிகிராஸ் டைசன் வழங்க ‘காஸ்மாஸ்’ புதிதாக வெளிவந்தது. அதன் இரண்டாம் பகுதியும் உயிர்களைப் பற்றியதே. நண்டின் இடத்தில் நாய் வருகிறது. ஓநாயிலிருந்து நாய் வந்த வரலாற்றுக்கு எலும்பும் உண்டு; மரபணுவும் உண்டு. பனிக்கரடியின் வெண்மையைக் கொண்டு இயற்கைத் தேர்வு விளக்கப்படுகிறது. கிளை விரித்து நிற்கும் உயிர்மரம் கண்முன் எழுகிறது. ஒளியை உணரும் புள்ளியிலிருந்து கண் படிப்படியாக எவ்வாறு அமைந்திருக்கக்கூடும் என்பதை, ஒவ்வொரு நிலையிலும் அவ்வுயிர் உலகை எவ்வாறு கண்டிருக்கும் என்று திரையில் இணையாகக் காட்டியது பாராட்டுக்குரியது. இறுதியில் சாகனின் 40 நொடி ஓவியம் மீண்டும் வருகிறது. முன்னோரைப் போற்றும் செயல் என்ற அளவில் அது நன்றே. மரத்தைக் காட்டியபின் வருவதால் அதன் ஒற்றைக் கோடு இப்போது அவ்வளவு தீங்கு செய்வதில்லை.

இவ்விடத்தில் நம் சொற்களையும் சற்று நோக்குவோம். பரிணாமம் என்னும் வடசொல் உருமாற்றத்தைக் குறிப்பது. தனித்தமிழ் விரும்பியோர் படிமலர்ச்சி என்றனர். அழகிய சொல், ஆனால் அதனுள்ளே படி இருக்கிறது, மலர்ச்சியும் இருக்கிறது. ஏணி மீண்டும் வந்துவிடுகிறது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் கூர்ப்பு என்பன. அதிலும் மிகுதல், கூர்மையாதல் என்னும் சாயல் உண்டு. எச்சொல்லை ஆளினும், மேல் நோக்கிய பயணம் என்ற பொருளை அதனுள் ஏற்றாதிருத்தல் வேண்டும்.

சொல்லைப் பற்றிய மற்றொரு செய்தி. இன்று மரபணுக்களைப் பற்றிய அறிவியலுக்கு நாம் வழங்கும் மரபியல் என்னும் பெயர் தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயலின் பெயரே. உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்த இயலும் அதுவே. புல்லையும் மரத்தையும் ஓரறிவில் வைத்தவர், நம் கட்டுரைத் தலைவனான நண்டை நான்கறிவில் வைத்தார். இதனைக் காட்டி, டார்வினுக்கு ஈராயிரம் ஆண்டு முன்னரே தமிழர் பரிணாமத்தை அறிந்திருந்தனர் என்று மலர்களில் எழுதுவோர் உளர். அவர்தம் தமிழ்ப் பற்றை வணங்குகிறோம், முடிவை ஏற்பதற்கில்லை. தொல்காப்பியர் செய்தது வகைப்பாடு. புலனறிவைக் கொண்டு உயிர்களை நிரல்படுத்தியது அக்காலத்தில் அரிய செயல். ஆனால் ஓர் இனம் மற்றோர் இனமாக மாறிற்று என்று அவர் கூறவில்லை. கூறாததைக் கூறியதாக்குவது நண்டின் முதுகில் முகம் காண்பதையே ஒக்கும். தொல்காப்பியரின் பெருமைக்கு அந்த முகம் தேவையில்லை.

எழுத்தும் பிழையும்

மரபியலுக்கு வருவோம். பிரானவுஸ்கி தம் தொடரின் பன்னிரண்டாம் பகுதியில் மெண்டலின் பட்டாணிச் செடிகளைக் கொண்டு மரபியலை விளக்குகிறார். நெட்டைச் செடியையும் குட்டைச் செடியையும் கலந்தால் முதல் தலைமுறை முழுவதும் நெட்டை. அவற்றை அவற்றுள்ளேயே பெருக்கினால் அடுத்த தலைமுறையில் குட்டை மீண்டும் தலைகாட்டும். மெண்டல் எண்ணியவை நெட்டை 787, குட்டை 277. ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. பண்புகள் பாலும் நீரும் போலக் கலந்து மறைவதில்லை; முழு மணிகளாகவே நின்று தலைமுறை கடக்கின்றன என்பதே இதன் பொருள். கலந்து கரைவனவாயின் புதிதாய்த் தோன்றும் நற்பண்பும் சில தலைமுறையில் நீர்த்துப்போகும். இயற்கைத் தேர்வுக்குத் தேர ஒன்றும் எஞ்சாது. டார்வினை வருத்திய இச்சிக்கலுக்கு விடை 1866இலேயே அச்சேறியிருந்தும் 1900 வரை உலகம் அதனைப் பெரிதாகப் பார்க்கவில்லை. எண்களை வைத்துப் பேசும் இப்பாடத்தில் ஹெய்கே கதையின் சுவை இல்லைதான். ஆனால் எவரும் தோட்டத்தில் விதைத்து எண்ணிச் சரிபார்க்கலாம்.

சாகன் குருதித் துளியொன்றின் வழியே உயிரணுவுக்குள் நம்மை அழைத்துச் சென்று டி.என்.ஏ. இழையைக் காட்டுகிறார். அதனை நூலாகவும் எழுத்தாகவும் உவமிப்பது இத்தகைய படங்களின் பொது வழக்கு. அடினைன், தைமின், குவானைன், சைட்டோசைன் என்னும் நான்கு எழுத்துகள். மூன்றெழுத்தால் ஆன 64 சொற்கள். அவை சுட்டும் 20 அமினோ அமிலங்கள். நல்ல உவமைதான். ஆனால் அச்சிட்ட நூல் என்ற எண்ணம் எழுமாயின் உவமை பாதியில் நின்றுவிடும். அச்சுநூலின் ஆயிரம் படிகளும் ஒன்றேபோல் இருக்கும். மரபுச் செய்தியோ ஒவ்வொரு தலைமுறையிலும் கையால் படியெடுக்கப்படுவது போன்றது. ஆகவே தமிழருக்கு இதனினும் பொருத்தமான உவமை ஓலைச்சுவடியே.

படியெடுப்பதும் ஒப்புநோக்குவதும் நம் அன்றாடத் தொழில் என்பதால் இதனைச் சற்று விரித்துரைக்க விழைகிறோம். அலுவலகத்தில் ஒரு சுற்றறிக்கையைப் படியெடுத்துப் பல பிரிவுகளுக்கு அனுப்பினோம் என்க. ஒரு படியில் நாள் தவறாக விழுந்துவிட்டது. பின்னர் மூன்று பிரிவுகளிலிருந்து வரும் விடைகளில் அதே தவறான நாள் காணப்படுமாயின், அம்மூன்றும் ஒரே படியிலிருந்து எடுக்கப்பட்டவை என்று எழுத்தர் எவரும் நொடியில் கூறிவிடுவர். சரியான நாள் மூன்றிலும் இருந்தால் ஒன்றும் தெரியாது. ஒத்த சரி உறவைக் காட்டாது. ஒத்த பிழை காட்டும்.

சுவடிப் பதிப்பாளர்கள் இதனை நன்கறிவர். உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கப் பல ஊர்ச் சுவடிகளைத் தேடி ஒப்புநோக்கிப் பாட வேறுபாடுகளைக் குறித்த வரலாறு நாம் அறிந்ததே. இரு சுவடிகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால் அவை ஒரு தாய்ச்சுவடியின் மக்கள் என்று கொள்வர். உயிரியலாரும் இதனையே செய்கின்றனர். ஆடும் மாடும் நாயும் தமக்கு வேண்டிய வைட்டமின் சி சத்தைத் தம் உடலிலேயே ஆக்கிக்கொள்கின்றன. மனிதரால் இயலாது, உணவில் பெறாவிடில் ஈறு வீங்கிக் குருதி கசியும் நோய் வரும். ஆனால் அச்சத்தை ஆக்குவதற்கான இறுதிப் படிநிலையின் மரபணு நம் உயிரணுவில் இல்லாமல் இல்லை. சிதைந்து பயனற்றுக் கிடக்கிறது. சிம்பன்சியிலும் கொரில்லாவிலும் அதே மரபணு அவ்வாறே பயனற்றுக் கிடக்கிறது. கினிப் பன்றியும் இந்த ஆற்றலை இழந்ததே. ஆயினும் அதன் மரபணு சிதைந்த வகை வேறு. அது வேறொரு படியில் தனியே நேர்ந்த பிழை. ஒரே ஏட்டிலிருந்து வந்த பிழையும் தனித்தனியே வந்த பிழையும் இவ்வாறு பிரிந்து நிற்கின்றன.

பிழை என்ற சொல்லையும் இங்கே தெளிவாக்கல் நன்று. உயிரணு படியெடுப்பதில் கைதேர்ந்தது. திருத்தங்களெல்லாம் முடிந்தபின் ஏறத்தாழ நூறு கோடி எழுத்துக்கு ஒரு பிழையே எஞ்சுகிறது. ஆயினும் எழுத்துகளோ பல நூறு கோடி. ஆதலின் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் பெற்றோரிடம் இல்லாத 60, 70 புதிய மாற்றங்களுடன் பிறக்கிறது. அவற்றுள் பெரும்பாலானவை நன்மையும் செய்யா, தீமையும் செய்யா. மிகச் சில தீங்காகும். அரிதாக ஒன்று சூழலுக்கு ஏற்றதாகும். பிழையே இல்லாத எழுத்தர் இவ்வுலகில் இருந்திருந்தால் இன்றும் முதல் உயிரணு மட்டுமே இருந்திருக்கும். அலுவலகத்தில் இதனைச் சொன்னால் மேலதிகாரி ஏற்கமாட்டார், இயற்கை ஏற்றுக்கொண்டிருக்கிறது.

முடிவுரை

இவ்வளவு நுணுகி ஆராய்வது எதற்கு? ஒரு நண்டுக் கதை தவறானால் யாருக்கு என்ன இழப்பு? 2023இல் நடுவண் பாடத்திட்டப் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் ‘மரபுவழியும் பரிணாமமும்’ என்றிருந்த பாடம் ‘மரபுவழி’ என்று சுருங்கியது. 1,800க்கு மேற்பட்ட அறிவியலாளரும் ஆசிரியரும் கையொப்பமிட்டு அதனை எதிர்த்துத் திறந்த மடல் எழுதினர். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் அப்பாடம் உண்டு என்பது தரப்பட்ட விடை. உயிரியலை எடுக்காத மாணவர் அவ்வகுப்பை அடைவதே இல்லை. வணிகமும் வரலாறும் கணக்கியலும் பயிலும் பிள்ளைகளுக்கு, நமக்கு வாய்த்ததைப் போலவே, திரைதான் ஆசிரியர். வகுப்பறையில் ஆசிரியர் தவறினால் பாடநூல் திருத்தும். பாடநூல் இல்லாத இடத்தில் திரை தவறினால் திருத்துவார் யார்?

ஆகவே அறிவியல் படங்களைப் பழித்து ஒதுக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. சாகனும் பிரானவுஸ்கியும் இல்லையேல் நம்மைப் போன்றோர் உயிர்களின் வரலாற்றை எட்டிப் பார்த்திருக்கவும் மாட்டோம். அவர்கள்பால் நமக்குள்ள நன்றி பெரிது. நாம் வேண்டுவது ஒன்றே. ஒரு விளக்கத்தை அதன் இனிமையால் மட்டும் அளவிடாமல், கேட்பவன் தானே சோதித்துப் பார்க்க அது வழிவிடுகிறதா என்பதாலும் அளவிடல் வேண்டும். பட்டாணி அச்சோதனைக்கு நின்றது, அந்துப்பூச்சி நின்றது, சிதைந்த மரபணு நின்றது, நண்டு நிற்கவில்லை. தமிழில் இத்தகைய படம் எடுக்க முன்வருவோர், நண்டைத் தேடி ஜப்பான் செல்ல வேண்டுவதில்லை. ஓலைச்சுவடி இரண்டையும் ஒத்த பிழை ஒன்றையும் காட்டித் தொடங்கலாம்.

அன்று நம் கையைப் பற்றிப் பாராட்டிய முதியவரை அடுத்து வந்த கூட்டமொன்றில் சந்தித்து, கதை தவறு என்று கூறினோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், ‘அப்படியானால் எனக்கு விளங்கியது தவறா, தம்பி?’ என்று கேட்டார். ‘விளங்கியது சரிதான், ஐயா. அதற்கு நான் காட்டிய சான்றுதான் தவறு’ என்றோம். சரியான சான்றைச் சொல்லுமாறு அவர் பணித்தார். தேநீர் ஆறியது. பட்டாணியில் தொடங்கிச் சுவடி வரை சொல்லி முடித்தோம். இம்முறை கைதட்டல் எழவில்லை. மாறாக அவர் மூன்று வினாக்கள் எழுப்பினார். அவற்றுள் இரண்டுக்கு வீட்டுக்குச் சென்று தேடியே விடை சொல்ல முடிந்தது.